ஃபேடரை ஏற்றிய காலைக் காட்சி

1. கேபின்

ஆவடிப் பக்கம் ஒரு தியேட்டரில் முப்பத்தோரு வருஷம் ஆபரேட்டராக இருந்தேன். எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன். பிலிம் ஓட்டக் கற்றுக்கொண்டேன். டிஜிட்டல் வந்ததும் சர்வரையும் கற்றுக்கொண்டேன். இப்போது புரொஜெக்டர் கேபினுக்குப் போகிற பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று ஒரே ஒரு காட்சியைப் பற்றி எழுதுகிறேன்.

நான் பயந்த சுபாவம். லேம்ப் சூடாகிறதா, யுபிஎஸ் தாங்குமா என்று ஷோ முழுக்க எழுந்து எழுந்து பார்ப்பேன். மெயினை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்த்த நாட்கள் உண்டு. திரையில் விழுகிற வெட்டுக்கு மட்டும் பயந்ததில்லை. ஒரே படத்தை நாளுக்கு நாலு காட்சி என்று மூன்று வாரம் பார்த்தால், அங்கே கழுத்து அறுபடும்போது இங்கே டீ ஆறிவிட்டதே என்றுதான் கவலை வரும்.

கீழே சீட் காட்டுகிற டேனியல் அண்ணனுக்கும் எனக்கும் ஒரு ஏற்பாடு. அவர் பக்கத்து ஊரான கோவில்பதாகைக்காரர். ஹாலில் தகராறோ, யாருக்காவது வலிப்போ என்றால் கேபின் கண்ணாடியைப் பார்த்து டார்ச்சை மூன்று சுற்று சுற்றுவார். நான் உடனே படத்தை நிறுத்தி, ஹாலுக்கான ஹவுஸ் லைட்டைப் போட வேண்டும். நான் சொல்லப்போகிற காட்சி வரை அது தவறியதில்லை.

2. அந்த வெள்ளிக்கிழமை

பட்டாக்கத்தி ஹீரோ படம். முதல் நாள், காலை ஒன்பது மணிக் காட்சி. இளவட்டங்கள் ஹீரோ மாதிரியே கறுப்புச் சட்டையில், அட்டையில் வெள்ளித்தாள் ஒட்டிய கத்தியோடு வந்தார்கள். டேனியல் அண்ணன் கேட்டில் நின்று ஒவ்வொரு கத்தியையும் வளைத்துப் பார்த்தார்.

"இன்னா நைனா, படம் பாக்க வந்தியா, நடிக்க வந்தியா?"

"அட்டக் கத்தி அண்ணாத்தே! இத்த வச்சி வாயப்பயம் கூட வெட்ட முடியாது."

சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார். ஒருவன் கையில் அட்டைக் கத்தியும் சட்டைக்குள் நிஜக் கத்தியும் வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

மேனேஜர் தன் ரூமிலிருந்து இன்டர்காமில் கூப்பிட்டார். "மணி, ஃபைட்டு வந்தா சவுண்ட ஏத்துப்பா. கூட்டம் சும்மா ஆடிக்கினு இருக்கணும்."

இடைவேளைக்கு முன்னால் பெரிய சண்டை. கூட்டம் திரைக்கு முன்னால் ஓடிப்போய் ஆடியது. எல்லார் கையிலும் செல்போன் லைட். கண்ணாடி வழியே பார்த்தேன். இடதுபக்கச் சுவரோரம் ஒரு கை கத்தியோடு ஏறி இறங்கியது. அட்டைக் கத்தி என்று நினைத்தேன். அலறல் கேட்டது. குஷியில் கத்துகிறார்கள் என்று நினைத்தேன். சவுண்டைக் கூட்டுகிற ஃபேடரை ஐந்தரையிலிருந்து ஏழுக்கு ஏற்றினேன்.

அந்த நேரம் டேனியல் அண்ணன் டார்ச்சைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார். அத்தனை வெளிச்சத்துக்கு நடுவே அதுவும் ஒரு வெளிச்சமாகப் போய்விட்டது.

சண்டை இன்னும் நாலு நிமிஷம் ஓடியது. இடைவேளை லைட் வந்தபோதுதான் பார்த்தேன். டேனியல் அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை முழுக்க ரத்தம். பக்கத்துச் சேக்காடு ஊர்ப் பையன் ஒருவனை வெட்ட வந்தவனைத் தடுக்கக் குறுக்கே போயிருக்கிறார். பையனுக்குத் தோளில் கீறல். வெட்டு இரண்டும் அண்ணன் கையில்.

நான் படியிறங்கி ஓடினேன். வெட்டியவனை நாலு பேர் அமுக்கிப் பிடித்திருந்தார்கள். அந்த நிலையிலும் அவன் தன் கூட்டாளியைப் பார்த்துக் கேட்டான்:

"மச்சான், எட்த்தியா?"

கூட்டாளி செல்போனை இன்னும் தூக்கித்தான் பிடித்திருந்தான். எடுத்திருந்தான்.

3. கேட்டதும் கேட்காததும்

இன்ஸ்பெக்டர் என்னிடம், "படத்தப் பாத்துட்டுத்தான் வெட்டுனானாய்யா?" என்று கேட்டார்.

பகை பழையது. கொரட்டூரில் ஏதோ கிரிக்கெட் தகராறு என்றார்கள். இங்கே வெட்டாவிட்டால் வேறு எங்காவது வெட்டியிருப்பானோ என்னவோ. ஆனால் டிரெய்லரில் வந்த வசனத்தைச் சொல்லிவிட்டுத்தான் கத்தியை ஓங்கினான் என்று பக்கத்துச் சீட்டுக்காரர் சொன்னார். அந்தச் சண்டைக் காட்சி வரும்வரை காத்திருந்துதான் எழுந்தானாம்.

அவனைப் பற்றி எல்லாரும் கேட்டார்கள். என்னைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவன் பார்த்ததைப்போல ஆயிரம் மடங்கு வெட்டைப் பார்த்தவன் நான். கண்ணெதிரே ஒரு மனுஷன் வெட்டுப்பட்டபோது சவுண்டை ஏற்றியவனும் நான்தான்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டேனியல் அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"டார்ச் அட்ச்சனே மணி. பாக்கலியா?"

"பாத்திருப்பேண்ணே. கூட்டத்து லைட்டுன்னு நெனச்சிட்டேன்."

"நானும் மொதல்ல வெள்ளாடுறானுங்கன்னுதான் நென்ச்சேன். அந்தப் பையன் தோள்ல ரத்தத்தப் பாத்தப்புறம்தான் வெளங்குச்சி," என்றார். அவர் மனைவி என்னைப் பார்க்கவே இல்லை.

நாலு நிமிஷம் முன்னால் கட்டுப் போட்டிருந்தால் அசையாமல் போன அந்த இரண்டு விரல்களும் பிழைத்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். "இப்ப கேட்டு என்னங்க ஆவப்போவுது?" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்தக் கேள்வி இன்னும் என்னோடுதான் இருக்கிறது.

4. லைட்

படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஞாயிறு ஹவுஸ்ஃபுல். சண்டை வந்ததும் ஹவுஸ் லைட்டைப் பாதிக்கு ஏற்றினேன்.

"டேய் ஆபரேட்டரு, தூங்கிட்டியா? லைட்ட அணைடா!"

மேனேஜர் மூச்சிரைக்க ஏறி வந்தார். "பைத்தியமாய்யா உனக்கு?"

"ஆளுங்க மூஞ்சி தெரியணும் சார்."

அவரே அணைத்தார். நான் மறுபடி போட்டேன். இரண்டு நாள் இப்படியே சண்டை போட்டு, கடைசியில் சுவரோர லைட் மட்டும் எரியலாம் என்று ஒத்துக்கொண்டார்.

கேபினுக்குப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். சண்டை வந்தால் திரையைப் பார்க்காதீர்கள், ஹாலைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் படத்தை நிறுத்துங்கள். திட்டுவார்கள், சீட்டைக் கிழிப்பார்கள். கிழியட்டும், தைத்துக்கொள்ளலாம். டேனியல் அண்ணனுக்கு இரண்டு விரல் மடங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் புறப்படும்போது சட்டைப் பொத்தானை அவர் மனைவிதான் போட்டுவிடுகிறார்.