புதுக் கிரகமும் முனிரத்தினத்தின் நாலாவது போர்வெல்லும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, திருப்பதியிலிருந்து கார்வேட்டிநகரம் போகும் பஸ்ஸில் நாற்பத்தேழு பேர் இருந்தோம். முப்பத்தொரு பேர் கையில் செல்போன். (எண்ணாமல் உட்கார எனக்குத் தெரியாது. பழகிய வாசகர்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.) அதில் பத்துப் போன்களாவது ஒரே செய்தியை அலறிக்கொண்டிருந்தன. எங்கோ தூரத்தில் ஒரு கிரகம் அகப்பட்டிருக்கிறதாம். அங்கே தண்ணீர் இருக்கலாமாம். மனிதர்கள் வாழக்கூடத் தகுந்ததாக இருக்கலாமாம்.

எவ்வளவு தூரம்? ஒரு சேனலில் நூற்றிருபது ஒளியாண்டு. இன்னொன்றில் நூற்றிருபத்து நாலு. மூன்றாவது சேனலில் 'பல கோடி மைல்'. இந்த மூன்றாவதுதான் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. சூரியனே ஒன்பது கோடி மைல் தூரத்தில் இருக்கிறது ஐயா! ஓர் ஒளியாண்டு என்றால் ஒன்பதரை லட்சம் கோடி கிலோமீட்டர். பக்கத்துத் தெருவுக்கும் பம்பாய்க்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் செய்தி வாசித்தால் நாடு எங்கே உருப்படும்?

ஆனால் பஸ்ஸில் யாருக்கும் அந்தக் கவலை இல்லை. என் பக்கத்தில் ஒரு மனைத்தரகர். எங்கள் பக்கத்தில் வீட்டுமனையை அங்கணக் கணக்கில்தான் பேசுவார்கள். அங்கே அங்கணம் என்ன விலைக்குப் போகும் என்று அவர் முன்சீட்டுக்காரரைக் கேட்டார். முன்சீட்டுக்காரர் மலைக்குப் போய்ப் பதினெட்டு மணி நேரம் கியூவில் நின்று திரும்பியவர். அந்தக் கிரகத்தில் ஒரு கோயில் கட்டிவிட்டால் இங்கே கூட்டம் குறையும் என்றார். பெண்களுக்கு அங்கேயும் பஸ் இலவசமா என்று ஓர் அம்மாள் கேட்க, கண்டக்டர்கூடச் சிரித்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் போய்க்கொண்டிருந்த இடம் அப்படி.

கார்வேட்டிநகரத்துக்கு அப்பால் ஒரு கிராமம். அங்கே முனிரத்தினம் என்று ஒருவர். ஐம்பது வயதிருக்கும். இரண்டு ஏக்கர் பதினாறு சென்ட் நிலம். நாற்பது வருஷத்துக்கு முன்னால், நிலமில்லாதவர்களுக்கு அரசாங்கம் பட்டா கொடுத்தபோது அவருடைய அப்பாவுக்குக் கிடைத்தது. அதைச் சங்கிலி போட்டு அளந்து, நாலு மூலைக்கும் கல் நட்டவன் நான். அன்றைக்கு நான் சர்வேயர்.

மூன்று வருஷத்துக்கு முன்பு முனிரத்தினம் அதில் நூற்றுப் பன்னிரண்டு தோத்தாபுரி மாங்கன்று வைத்தார். இன்றைக்கு உயிரோடு இருப்பவை நாற்பத்தொன்று. மூன்று போர்வெல் போட்டார், மூன்றிலும் புழுதி. இது நாலாவது. இதிலும் தண்ணீர் வராவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டுப் புருஷன், பெண்டாட்டி இருவரும் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போவதாக முடிவு. அவருக்கு ஒரு கம்பெனி கேட்டில் காவல். அவர் மனைவி வள்ளியம்மாவுக்குக் கேன்டீனில் பாத்திரம் தேய்க்கும் வேலை.

"கல்லு நட்டவரு நீங்க. வந்து நின்னா ஒரு தெம்பா இருக்கும் சார்" என்று முந்தின நாள் போனில் கூப்பிட்டிருந்தார். எழுபத்துநாலு வயதில் ஒருவருக்குத் தெம்பாக நிற்கும் யோக்கியதை நம் காலுக்கு உண்டா? இருந்தாலும் போனேன்.

போர் வண்டி வந்து நின்றிருந்தது. நீர் பார்க்கிற சுப்பராயுடு உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு நிலம் முழுக்க நடந்தார். தென்கிழக்கு மூலையில் தேங்காய் எழுந்து நின்றது. நின்றதை நானும் பார்த்தேன். எப்படி நின்றது என்று கேட்காதீர்கள். அந்த இடத்தில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் கொளுத்தி, வண்டியை நிறுத்தினார்கள்.

ராடு இறங்க ஆரம்பித்தது. ஒரு ராடு இருபது அடி. சுண்ணாம்பு போல வெள்ளைப் புழுதி எழும்பி, நின்ற பன்னிரண்டு பேர் தலையும் என் தலை நிறத்துக்கு வந்துவிட்டது.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. போர் ஓடும்போது அடிக்கணக்கை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் தண்ணீர் இறங்கிவிடும். சுப்பராயுடு என்னிடம் முதலிலேயே எச்சரித்துவிட்டார். 'மனசுல எண்ணிக்கோங்க, வாய தொறக்காதீங்க' என்று. என்னிடம் போய்!

நடுவில் வண்டியை நிறுத்திக் கொஞ்சம் ஓய்வு. அங்கேயும் போன்கள் வெளியே வந்தன. அதே கிரகம். பக்கத்து நிலத்துக்காரர் சுப்பராயுடுவுக்கு வீடியோவைக் காட்டினார். சுப்பராயுடு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அதில் ஒரு தொழிற்காரரின் பொறாமை இருந்தது.

"அக்கட நீள்ளு உன்னாயின்னு எத வெச்சி கண்டுகினாங்க சார்?"

நட்சத்திர வெளிச்சம் கிரகத்தின் காற்று வழியாக வரும்போது அதைப் பிரித்துப் பார்த்துத் தண்ணீர் இருப்பதைக் கண்டுபிடிப்பார்கள் என்று எனக்குத் தெரிந்த வரைக்கும் சொன்னேன்.

"அப்ப எடத்துக்கே போவல."

"போகவில்லை."

"தப்பாப் போவும் சார். காலு மண்ணுல படணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எத்தினி அடியில இருக்குதுன்னு சொன்னாங்களா?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். முனிரத்தினமும் சிரித்தார், அன்றைக்கு அந்த ஒரு தடவைதான். வள்ளியம்மா மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்துப் புழுதியைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். மெதுவாகத்தான் கேட்டார்.

"அவ்ளோ தூரத்து தண்ணி தெரியுதுன்றாங்களே சார்... பாத்தவங்கள இங்க ஒருக்கா இட்டுகினு வர முடியாதா? கால்க்கு கீழ இருக்கறத அவங்க பாத்து சொல்லிட்டா போதும்."

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அதுதான் கஷ்டம். பஸ்ஸில், டீக்கடையில், டிவியில் அந்தக் கிரகத்தைப் பற்றி எத்தனை பேச்சுக் கேட்டேன்... அறிவான ஒரே கேள்வி இதுதான். செருப்பைத் தட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

மறுபடியும் ராடு இறங்கியது. பதினைந்து, பதினாறு... மனசுக்குள்தான். பத்தொன்பதாவதில் புழுதி எழும்பவில்லை. குழாய் வாயில் கறுப்பாக, கெட்டியாக ஏதோ பிதுங்கியது. முனிரத்தினம் ஓடிப்போய் அள்ளினார். பிசைந்தார். உருண்டை பிடித்தது. ஈரம்!

என்ன செய்ய? நாற்பது வருஷப் பழக்கம். வாய் திறந்துகொண்டது.

"முன்னூற்று எண்பது அடி!" என்றேன். சத்தமாகவே.

சுப்பராயுடு தலையில் கை வைத்துக்கொண்டார். இருபதாவது ராடு இறங்கியது. வெள்ளைப் புழுதி. இருபத்தொன்று, இருபத்திரண்டு... புழுதி, புழுதி.

பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் படித்தவன். பாறை இடுக்கில் கசிந்த ஒரு சொட்டு ஈரத்துக்கும் ஒரு கிழவன் வாய்க்கும் சம்பந்தம் இல்லை என்று தெரியும். தெரிந்து என்ன? அந்தப் பார்வைக்கு நடுவில் நின்று பாருங்கள், தெரியும்.

ஆயிரம் அடியோடு நிறுத்துவதாகப் பேச்சு. ஐம்பது ராடு. முனிரத்தினம் இன்னும் ஒன்று என்றார். இன்னும் ஒன்று. இன்னும் ஒன்று. ஐம்பத்து மூன்றாவதில் வண்டிக்காரரே அவர் தோளைத் தொட்டு, போதும் என்றுவிட்டார்.

வண்டி போனது. ஆட்கள் போனார்கள். முனிரத்தினம் ஒரு பலகைக் கல்லைப் புரட்டிவந்து குழாய் வாயை மூடினார். ஆடு, மாடு, குழந்தைகள் விழாமல் இருக்க. இதோடு அந்த நிலத்தில் அப்படி நாலு கல்.

நான் வாய் திறந்ததற்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கேட்கவிடவில்லை.

"நீங்க சொல்லலன்னாலும் இம்மாந்தான் சார். எங்க நைனாவுக்குக் குடுக்கச்சயே இது பாறதான். நீங்களும் பாத்துதான இருப்பீங்க?"

பார்த்திருந்தேன். கல் நட மூன்று மூலையில் கடப்பாரை இறங்கவில்லை. உளி வைத்து அடித்துத்தான் நட்டோம். அன்றைக்கே ஒரு வரி எழுதியிருக்கலாம், 'சாகுபடிக்கு ஏற்றதல்ல' என்று. எழுதியிருந்தால் வேறு நிலம் கிடைத்திருக்குமோ, இதுவும் இல்லாமல் போயிருக்குமோ... எழுதவில்லை. நீளம் அளந்தேன், அகலம் அளந்தேன். ஆழத்தை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வள்ளியம்மா சாப்பிடாமல் போகக் கூடாது என்றார். சாப்பிட்டேன். அந்தச் சோறு வெந்த தண்ணீர் பக்கத்து ஊரிலிருந்து டிராக்டர் டாங்கியில் வந்தது. கை கழுவ அவர் சொம்பு நீட்டியபோது, துண்டால் துடைத்துக்கொள்கிறேன் என்றுவிட்டேன்.

அன்று சாயங்காலம் திருப்பதியில் என் வீட்டில் டிவி. நாலு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள். அந்தக் கிரகத்துக்கு முதலில் யாரை அனுப்புவது? விஞ்ஞானிகளையா, விவசாயிகளையா? விவசாயிகளைத்தான் என்று மூன்று பேர் சொன்னார்கள். எந்த மண்ணிலும் பிழைத்துக்கொள்வார்களாம்.

எழுந்துபோய் அணைத்தேன்.

புதன்கிழமை காலை முனிரத்தினம் போன் செய்தார். பின்னால் பஸ் சத்தம். ஸ்ரீசிட்டி போகும் கம்பெனி பஸ். வள்ளியம்மாவும் பக்கத்தில்தான் இருக்கிறாராம். மாங்கன்றுகள் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"மழ பேஞ்சா இருக்கும் சார்" என்றார்.

மனிதர் வாழத் தகுந்த இடம் ஒன்று கூடியிருக்கலாம் என்று உலகம் முழுக்கச் செய்தி வந்துவிட்டது. அதே வாரத்தில் நிச்சயமாக ஒன்று குறைந்ததை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.