ஓடைப் பக்கம் புதைத்த பாக்கியம்

அப்பா சின்னான் இறந்தது 1962 ஐப்பசியில். கடைசி நாளில்தான், "ஒங்கம்மா நோர்வூட் பக்கம் ஒரு தேயிலத் தோட்டத்துலதான் கெடக்கா. அவ குழியில ஒரு பூ வச்சிட்டு வா" என்றார். அம்மா பாக்கியம் என் இரண்டு வயதில் வயிற்றுக்கடுப்பில் செத்தாள், அவளுக்குச் சொந்தம் யாருமில்லை என்றுதான் அதுவரை சொல்லிவந்தார். மழை விட்டதும், மாசியில், நானும் என் மனைவி லெட்சுமியும் கிளம்பினோம்.

இலங்கை மலையகத்தில், அட்டனிலிருந்து நோர்வூட்டுக்கு பஸ்ஸில் ஆறு மைல் இருக்கும். முன்பக்கமே இடம் பிடியுங்கள். பின்னால் உட்கார்ந்தால் வளைவுகளில் குடல் வாய்க்கு வந்துவிடும். அப்புறம் இரண்டு மைல் ஏற்றம், நடைதான். அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரக் கட்டியை நுரையத் தேய்த்துக்கொண்டோம். அப்பா சொன்ன தோட்டத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எங்கள் சொந்தத்தில் ஒருவர் இன்னும் அங்கே வேலை செய்கிறார்.

பழைய ஆட்களைப் பற்றி, அவர்களை வேலை வாங்கிய கங்காணியைக் கேளுங்கள் என்றார் கடைக்காரர் ஒருவர். போனோம். என் சட்டையையும் காலில் போட்டிருந்த சப்பாத்தையும் பார்த்துவிட்டு, "வாங்க, ஒக்காருங்க" என்று கிழவர் உபசரித்தார். அம்மா பெயரைச் சொன்னதும் முகம் மாறியது.

"அப்புடி யாரும் இங்க இருந்ததில்ல. தேத்தண்ணியக் குடிச்சிட்டுக் கெளம்புங்க."

இறங்கும் வழியில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் நின்றார்கள். கங்காணி கைவிரித்ததைச் சொல்லி அவர்களிடமும் கேட்டேன். வயதான ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"சின்னான் மகனாய்யா நீ? நான் செல்லம்மா. ஒங்கம்மாவுக்கு அக்கா. அந்தக் கங்காணி எங்க அண்ணன்."

பெரியம்மா எங்களை மயானத்துக்கு அழைத்துப்போனார். மேட்டில் கங்காணி குடும்பத்துச் சமாதிகள், வெள்ளையடித்து வரிசையாக. அவற்றைத் தாண்டி ஓடை வரைக்கும் இறங்கினோம். அங்கே புல் மூடிய ஒரு மண்மேடு.

"ஏன் இங்க?" என்றேன்.

"ஒங்கப்பன் வேற சாதி. அவனக் கட்டிக்கிட்ட அன்னிக்கே அண்ணன் அவளத் தல முழுகிட்டாரு. ரெண்டாவது புள்ளைக்கு வலி எடுத்து ராவெல்லாம் கத்துனா. மருத்துவச்சியப் போகவிடாம அண்ணன் மறிச்சிக்கிட்டு நின்னாரு. நானும் பயந்துகிட்டுப் போகல. அந்தப் புள்ளையும் கூடத்தான் கெடக்கு. நம்ம ஆளுங்க பக்கத்துல பொதைக்கக் கூடாதுன்னுட்டாரு."

லெட்சுமி கொண்டுவந்த பூவை வைத்தாள். நான் நேரே கங்காணி வீட்டுக்கு ஏறினேன். இருவரும் பின்னால் வந்தார்கள்.

"ஒங்க தங்கச்சிதானே? சாகவிட்டீங்களே!" என்று கத்தினேன்.

கிழவர் தலையைக் குனியவில்லை. "அது அந்தக் காலம்ப்பா. நீ என் மருமகன், நல்லா வந்திருக்க. வேணும்னா மேல எங்க வரிசையில அவளுக்கு ஒரு கல்லு வச்சிக்க."

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா முன்னால் வந்தார்.

"ஒங்க வரிசை அவளுக்கு வேணாம்ண்ணே. நான் செத்தா என்னையும் ஓடைப் பக்கம் அவகிட்டயே பொதைங்க."

அந்த வாசலில் அவர் அண்ணனை எதிர்த்துப் பேசியது அதுவே முதல் தடவையாம்.

இப்படித் தேடிப் போகிறவர்கள் கங்காணி வீட்டில் தொடங்காதீர்கள். கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேளுங்கள். மாலை பஸ்ஸுக்கு நேரத்தோடு இறங்கிவிடுங்கள். தோட்டத்தில் நடந்த எல்லா அநியாயத்துக்கும் வெள்ளைக்காரத் துரைமாரையே திட்டிப் பழகியவன் நான். இதை எந்தத் துரையும் செய்யவில்லை.

போன வாரம் கங்காணி செத்துப்போனதாக ஆள் வந்தது. மருமகன் கட்டாயம் வரவேண்டுமாம். நான் போகவில்லை.