கம்பளம் போர்த்திய சுவர்

பக்கத்து அறையில் ‘தொப்’பென்று ஒரு சத்தம். நனைந்த மூட்டையைத் தரையில் போட்டது போல. சூராகான் கையிலிருந்த தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“பூனையா இருக்கும்,” என்றார் அவள் கணவர் தோலோமுஷ்.

“பூனைக்கு ஏது இவ்வளவு கனம்?” என்றாள். ஆனால் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. அது என்னவென்று அவளுக்குத் தெரியும்.

அது இன்னும் அறையாகவில்லை. சுடாத பச்சை மண்கல்லில் எழும்பிய நான்கு சுவர்கள். மேலே எங்கள் அட்-பாஷி மலையூரின் வானம். மாஸ்கோவில் தெருப் பனி அள்ளும் ஒரே மகன் நூர்தீன், “எங்களுக்குன்னு ஒரு வீடு இருந்தா அவளையும் கூட்டிக்கிட்டு வந்துடறேம்மா” என்று சொன்ன அன்று தொடங்கிய வேலை. மருமகளைச் சூராகான் கைபேசியில் மட்டுமே பார்த்திருக்கிறாள்.

எங்கள் ஊரில் கூரையைத் தனி ஆளாக யாரும் போடுவதில்லை. வீட்டுக்காரர் வாய் திறந்து ‘அஷார்’ என்று அழைத்தால் ஊரே திரண்டு வரும். கூலி கிடையாது, ஆட்டுக்கறி விருந்துதான். அழைக்காத வீட்டுக்கு யாரும் தானாகப் போவதில்லை. போனால் அந்த வீட்டைக் கையேந்தும் வீடாக்கியது போலாகும்.

இலையுதிர் காலத்திலேயே தோலோமுஷ் கெஞ்சினார். “தம்பி ஜேனாலி தச்சன். அவனை முன்னால வெச்சுக் கூப்பிடுவோமே.”

சூராகான் கொதித்தாள். ஜேனாலி தன் வீட்டு அஷார் விருந்தில், மூத்தவருக்கு உரிய இடுப்பெலும்புக் கறியைத் தன் மாமனாருக்கு வைத்துவிட்டு, அண்ணனுக்குத் தோள்பட்டை எலும்பை நீட்டியவன். கணவர் அன்றே மறந்துவிட்டார். அவளால்தான் முடியவில்லை.

“அந்தக் கை என் வீட்டு மேல படக் கூடாது!”

“அப்ப சுவரு நனையுமே?”

“என் சீதனக் கூடாரத்துக் கம்பளம் இருக்கு. எங்க வம்சத்தையே பனியிலேருந்து காப்பாத்தினது, நாலு சுவரைக் காப்பாத்தாதா?”

அவளே ஏணி ஏறினாள். தாய் கையால் அடித்துச் செய்த ரோமக் கம்பளங்களைச் சுவர்கள்மேல் விரித்து, கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். முதல் பனி விழுந்தபோது அவை முக்காடிட்ட மணப்பெண்களைப் போல நின்றன. அன்று எவ்வளவு பூரித்தாள், பாவம்!

இப்போது பனி உருகத் தொடங்கிவிட்டது.

வாசலில் காலடி கேட்டது. குளிர்காலத்துக்கென்று அறுத்த குதிரைக்கறியில் ஒரு பங்கோடு ஜேனாலிதான் வந்திருந்தான். கொழுந்தனைப் பெயர் சொல்லி அழைப்பது வழக்கமில்லை. ஐம்பது வயதிலும் அவன் அவளுக்குச் ‘சின்னப்பையன்’தான்.

“வா சின்னப்பையா. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?”

“வழி தெரியும் அண்ணி. நீங்க நாயை அவுத்து விட்டுருப்பீங்களோன்னு பயம்.”

தோலோமுஷ் சிரித்து முடிப்பதற்குள் மறுபடியும் ‘தொப்’. ஜேனாலி போய்ப் பின்கதவைத் திறந்தான். வடக்குச் சுவர் சேறாகச் சரிந்து கிடந்தது. கம்பளம் செத்த ஆட்டைப் போலத் தொங்கியது.

“கம்பளமா போட்டீங்க அண்ணி?”

“கூடாரத்துக்கு ஆகுது, சுவருக்கு ஆகாதா?”

“கூடாரத்துக்குள்ள அடுப்பு எரியும் அண்ணி. அந்தச் சூட்டுலதான் அது காயுது. இங்க யாரு குடியிருக்கா? குடிச்ச தண்ணியெல்லாம் சுவருக்கே ஊட்டியிருக்கு. பழைய தகரத்தைச் சாய்ச்சு வெச்சிருந்தாலே போதும்.”

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

“நூர்தீன் கோடையில வர்றேன்னான்,” என்றார் தோலோமுஷ், யாரையும் பார்க்காமல்.

“மத்த மூணும் இன்னும் நிக்குதுண்ணா. இந்த வாரமே கூரை போட்டு மூடிட்டா தேறும்.”

தேநீர் ஆறியது. ஜேனாலி எழுந்து, வாசலில் உட்கார்ந்து காலணியை மாட்டினான். ஒரு காலணியை மாட்ட ஒரு மனிதனுக்கு இத்தனை நேரமா? கழற்றி உதறினான். மறுபடி மாட்டினான். அவன் காத்திருந்தான். ‘அஷார்’ என்ற ஒரே ஒரு சொல், அவள் வாயிலிருந்து.

தோலோமுஷின் கண்கள் மனைவியைக் கெஞ்சின. அவள் உதடுகள் அசைந்தன. தொண்டையில் அந்தப் பழைய எலும்பு குறுக்கே நின்றது.

“பாத்துப் போ சின்னப்பையா. வழுக்கும்.”

“சரிங்க அண்ணி.”

அவன் படியிறங்கும்வரை நின்றாள். பிறகு, மகனுக்கென்று கட்டத் தொடங்கிய வீட்டின் பக்கம் திரும்பிப் பார்க்காமல், கதவைச் சாத்தினாள்.