இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே

நீங்கள் நம்பப் போவதில்லை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நான் விலங்கியல் படித்தவள். புளியமரத்தில் பேய் என்று யாராவது சொன்னால், எந்தக் கிளையில் என்று கேட்டுச் சிரிக்கிறவள். இது நடந்தது ராத்திரியிலும் இல்லை, நல்ல பகல் வெளிச்சத்தில், சுற்றிலும் ஜனங்கள் இருக்கும்போது நடந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால், எழுபத்திரண்டில். என் கணவருக்கு ஜெர்மனியில் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. எங்களோடு மூன்று வயதுக் கண்ணன். உமாவும் இருந்தாள். அந்தக் குளிர்காலத்தில் பிறந்தவள், மரங்கள் துளிர்ப்பதற்குள் காய்ச்சலில் போய்விட்டாள். கைக்குழந்தையை எரிக்கிற வழக்கம் நமக்கு இல்லையே, அந்த ஊர் மண்ணிலேயே புதைத்தோம். நான் என் கையால் கூட்டிய மைச் சிமிழையும் அவளோடு வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மை என்று ஒன்று இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இலையுதிர் காலத்தோடு அவருடைய ஆராய்ச்சி முடிகிறது. வேண்டுமானால் இன்னும் இரண்டு வருஷம் நீட்டித் தருவதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார். ஊருக்குப் போவதா இருப்பதா என்று நான்தான் சொல்ல வேண்டும். குழந்தையை அங்கே தனியாக விட்டுவிட்டு எப்படி விமானம் ஏறுவது? சரி என்று சொல்ல வாய் வரவில்லை, இல்லை என்று சொல்லவும் தைரியம் இல்லை.

"நாலு நாள் எங்கயாவது வெளிய போயிட்டு வரலாம் வசந்தி. அப்புறம் நீ சொல்றதுதான் ஃபைனல்" என்று ஆய்வகத்து நண்பரிடம் டெண்ட் இரவல் வாங்கி வந்தார்.

மியூனிக்குக்குத் தெற்கே ஓர் ஏரி. இந்தக் கரையில் டெண்ட் அடித்துத் தங்குகிற ஒரு முகாம், தண்ணீரை ஒட்டிப் புல்வெளி, தூரத்தில் பனிமலை. அவருக்கு அதுதான் பிடித்தது. எனக்கோ கண்ணன் தண்ணீரில் இறங்கிவிடுவானே என்று பயம். எதிர்க்கரையில் பைன் காட்டுக்குள் இன்னொன்று. ஏரிக்கு ஒரு சின்னப் பாதையில் இறங்கிப் போக வேண்டும். அங்கே கோடை முழுவதும் தங்குகிறவர்கள் காரவன் என்கிற வண்டிவீட்டைச் சுற்றி வேலி போட்டு ஜெரேனியம் வளர்த்திருந்தார்கள். "பாத்தியா, டெண்ட் அடிக்க வந்தாலும் பூந்தொட்டியோடதான் வருவான் ஜெர்மன்காரன்" என்றார் அவர். மற்றவர்கள் குளியலறை சுத்தமா, கடை பக்கமா என்று பார்த்து இடம் பிடிப்பார்கள். நான் பார்த்தது இரண்டு மரங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியை. கயிறு கட்டித் தூளி தொங்கவிடத் தோதாக இருந்தது.

"இங்கேயே இருக்கலாங்க."

"அந்தப் பக்கம் வியூ எவ்வளவு நல்லா இருக்கு!"

"வியூவை வச்சுக் கண்ணனைத் தூங்க வைக்க முடியுமா?"

தூளி இல்லாமல் கண்ணனுக்கு மதியத் தூக்கம் வராது. எர்லாங்கன் வீட்டில் கூரையில் கொக்கி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார் என்று, கதவு நிலையில் பொருத்துகிற உடற்பயிற்சிக் கம்பி வாங்கி அதில் என் பழைய சுங்குடிச் சேலையைக் கட்டியிருந்தோம். உமாவும் அதில்தான் தூங்கினாள். அதே சேலையைத்தான் கொண்டுபோயிருந்தேன்.

அங்கே ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை மதிய அமைதி நேரம். வாசலில் தடுப்புக் கட்டையை இறக்கிவிடுவார்கள், கார் உள்ளே வரக் கூடாது, ரேடியோ பாடக் கூடாது, பெரியவர்கள்கூடக் கிசுகிசுவென்றுதான் பேசுவார்கள். மறுநாள் பால் வாங்கப் போன என் கணவர் கட்டைக்கு வெளியே மாட்டிக்கொண்டு காரிலேயே தூங்கிவிட்டார். கண்ணனோ பாதியில் விழித்துத் தண்ணீருக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தான். சத்தம் போட்டால் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்களே என்று பயந்து, அவனை இறக்கி ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனேன்.

திரும்பி வந்தபோது தூளி ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் காரவன் அம்மாள், ஃப்ராவ் லாங் என்று பெயர், எங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து ஆட்டிக்கொண்டிருந்தார். வெறும் தூளியை ஆட்டக் கூடாது என்பார்களே, அதுதான் முதலில் மனசில் வந்தது. அவர் உதட்டில் விரல் வைத்தார்.

"இப்பத்தான் தூங்கினா. நீங்க போன பாதையையே பாத்துப் பாத்து அழுதா, மனசு கேக்கல. இவ்வளவு சின்னப் பொண்ணை விட்டுட்டுப் போகலாமா?"

என் ஜெர்மன் சுமார்தான், ஆனால் இது புரியாத அளவுக்கு மோசம் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற கண்ணனை அவர் முந்தின நாளே பார்த்துப் பேசியவர். "இவன் தங்கச்சிதானே?" என்று கேட்டுவிட்டு என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

நம்பினால் நம்புங்கள். தூளி தாழ்ந்து தொங்கியது. நான் உட்கார்ந்து கை வைத்தேன். தூளி ஆட்டிய எந்தத் தாய்க்கும் தெரியும், வெறும் துணி ஆடுவது வேறு, குழந்தையோடு ஆடுவது வேறு. அந்தக் கனம் கைக்குத் தெரியும். கண்ணனின் கனம் இல்லை அது. எனக்குத் தெரிந்த கனம்.

துணியை விலக்கிப் பார்த்தாயா என்று கேட்பீர்கள். என் கணவரும் அதைத்தான் கேட்டார். பார்க்கவில்லை. பார்த்தால் இருக்க மாட்டாள் என்று பயம். பார்க்காத வரைக்கும் இருந்தாள். கண்ணன் என் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனான், நான் ஆட்டிக்கொண்டே இருந்தேன், தாலாட்டுப் பாட வாய் துடித்தது, அமைதி நேரமாயிற்றே என்று அதையும் பாடவில்லை. பாடியிருக்கலாம். யார் என்ன செய்திருப்பார்கள்?

மூன்று மணிக்கு வாசலில் கட்டையைத் தூக்கினார்கள். எங்கள் கார் உறுமிக்கொண்டு உள்ளே வந்தது. என் கையில் துணி லேசாகி எழும்பியது. அவ்வளவுதான்.

அவரிடம் சொன்னேன். "அந்தம்மாவுக்கு வயசாச்சு வசந்தி, ஏதோ கன்ஃப்யூஷன்" என்று சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

சாயங்காலம் பாத்திரம் கழுவுகிற குழாயடியில் ஃப்ராவ் லாங் தன் வெள்ளைச் சட்டையின் கைப்பகுதியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க பொண்ணு கன்னத்துல என்ன கறுப்பா வச்சிருக்கீங்க? தூக்கிச் சமாதானப்படுத்தினேன், ஒட்டிக்கிச்சு. போகவே மாட்டேங்குது!"

விளக்குக் கரியில் விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்த மை சோப்புக்குப் போகாது, எண்ணெய்தான் போட வேண்டும். நான் போய்த் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து என் கையாலேயே துடைத்துவிட்டேன். விரல் நுனியில் கொஞ்சம் கறுப்பு வந்தது. அதைக் கண்ணனின் கன்னத்தில் வைத்தேன். "பாப்பா பொட்டு" என்றான் அவன்.

அன்றைக்கே சொல்லிவிட்டேன், ஊருக்குப் போகலாம் என்று. அவள் மண்ணுக்குள் இல்லை, தூளி கட்டினால் வருவாள் என்று நினைத்தேன். அந்தச் சேலையைப் பெட்டியில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு விமானத்தில் வந்தேன்.

இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறோம். கண்ணன் இரண்டாம் வகுப்பு. வந்த வாரமே உத்தரத்தில் தூளி கட்டினேன். மதியம் எல்லோரும் படுத்த பிறகு ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பேன், இன்றும் பார்த்தேன். வெறும் துணி. ஒரு நாள்கூடக் கனக்கவில்லை.

நாங்கள் ஏரிக்கரைக்குப் போயிருந்த கொஞ்ச நேரத்துக்கே அவள் பாதையைப் பார்த்து அழுதாள் என்று அந்த அம்மாள் சொன்னாரே. அந்த மரங்களுக்கு நடுவிலிருந்து கயிற்றை அவிழ்த்துச் சேலையை மடித்தபோது, தூளியிலிருந்து அவளையும் தூக்கிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.