அப்பாவின் கமராவுக்குள் திருநீறு

லண்டனில், செவன் கிங்ஸிலிருந்து வெம்பிளி வரை கடை கடையாக ஏறி இறங்கிக் களைத்து, கடைசியில் ரெய்னர்ஸ் லேனில், வீட்டிலிருந்தே பழைய பிலிம் கமரா திருத்தும் ஒரு தம்பியைக் கண்டுபிடித்தேன். என் அப்பாவின் கமராவை அவர் கழற்றியதும் சந்தனம் மணத்தது.

அந்த மணத்தோடு, யாழ்ப்பாண நகரில் இருந்த அப்பாவின் ஸ்டூடியோ வந்துவிட்டது: நீல மேகம் தீட்டிய திரைச்சீலை, படம் கழுவும் அறையின் புளித்த வாடை, அங்கே சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீரின் சத்தம், சரஸ்வதி பூசையன்று அவலும் கடலையும் பரப்பிய மேசையில் வெள்ளைத் துணியால் மூடி அப்பா வைக்கும் இந்தக் கமரா. சந்தனத்தை அவர் கமராவை நிறுத்தும் முக்காலியின் காலில் மட்டும்தான் வைப்பார். "கமராவுக்கும் பூசுங்கோவன் அப்பா" என்று நச்சரித்தால், "சாமிக்கு விளங்கும், நீ கையை எடு" என்பார். சண்டையில் அந்தக் கட்டடம் தரைமட்டமானது. பிறகு அப்பாவும் போய்விட்டார். என்னோடு லண்டனுக்கு வந்த கமராவுக்கு, பக்தி என்று நினைத்து, வருசாவருசம் நான் திருநீறும் சந்தனமும் அள்ளிப் பூசினேன்.

"உள்ளுக்கு என்ன அண்ணை கொட்டினனீங்கள்? ஷட்டர் இறுகிப்போச்சு."

"திருநீறு தம்பி. சந்தனமும்."

"சாமிக்குப் பூசி மிஞ்சினதோ?" என்றவர், என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "ஒரு துளி விடாமல் துடைக்கோணும் அண்ணை. அப்பவும் வேலை செய்யுமெண்டு வாக்குத் தர ஏலாது. துடைக்கட்டோ?"

காலையில் பூசிய திருநீற்றைப் படுக்கும்வரை நெற்றியில் கலையவிடாதவன் நான். "ஓம் தம்பி, துடையுங்கோ" என்றேன்.