பேய்த்தேர் என்று அவள் சொன்ன சொல்

நான் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். சவூதியில், பாலைவனத்துக்குள் கட்டட வேலை நடக்கும் முகாம்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறேன். முதுகுக்குப் பின்னால் டேங்க் நிறையத் தண்ணீர். கண்ணுக்கு முன்னால் தார்ச்சாலை முழுக்கத் தண்ணீர். முன்னால் கிடப்பது பொய் என்று தெரிந்தும் என் கால் பிரேக்கைத் தேடும். இத்தனை வருடமாகியும் இந்தக் கிறுக்குத்தனம் போகவில்லை. கூட வரும் சூடான்காரர் இத்ரீஸ் அதைப் பார்த்துச் சிரிப்பார். "சராப்" என்பார். வழிந்தோடிப் போவது என்ற அர்த்தத்திலிருந்து வந்த சொல்லாம், கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். உங்கள் பாஷையில் என்ன என்று கேட்டார். கானல் நீர் என்றேன். ஏன் அப்படிப் பெயர் என்றார். எனக்கு எங்கே தெரியும்?

தெரிந்தவள் ஊரில், லப்பைக்குடிக்காட்டில் இருந்தாள். என் மனைவி ஜரீனா, பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வீடியோ காலில் கேட்டேன்.

"கானல்னா வெயிலோட சூடுங்க. அந்தச் சூட்டுல தெரியுற தண்ணி கானல் நீர். பழைய தமிழ்ல இதுக்கே இன்னொரு பேரு உண்டு, பேய்த்தேர்."

"பேய்க்கு எதுக்கு தேரு?"

"எனக்குத் தோணுறதச் சொல்றேன். தூரத்துல ஏதோ அசைஞ்சு அசைஞ்சு வர்ற மாதிரியே இருக்கும். கிட்டப் போனா தேரும் இல்ல, ஓட்டுற ஆளும் இல்ல. அரியலூர் போற ரோட்டுல பஸ்ஸுக்கு முன்னாடி நானுந்தான் தெனம் பாக்குறேன்."

மறுநாள் என் ஓட்டை அரபியில் இத்ரீஸிடம் சொன்னேன். தேருக்கு அரபியில் வார்த்தை தெரியாமல், ஜின் ஓட்டுகிற வண்டி என்றேன். அவர் எங்கள் லாரியைத்தான் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். முகாம் வரும்வரை கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தார். இதைச் சொன்னபோது ஜரீனா சிரித்துச் சிரித்து இருமினாள். இருமல் நிற்க வெகுநேரமாயிற்று. சிரிப்பால் வந்த இருமல் என்றுதான் நினைத்தேன்.

அந்த மாதங்களில் ஒவ்வொரு வெள்ளியும் கூப்பிடும்போது வெள்ளைத் துப்பட்டியை முக்காடாகப் போட்டு, முகம் மட்டும் தெரிய உட்கார்ந்திருப்பாள். எங்கள் வீடுகளில் முக்காடு புதிதல்ல. பாங்கு சொன்னால், வெளியாள் வந்தால் இழுத்து விட்டுக்கொள்வார்கள். ஆனால் கட்டினவனிடம் பேச அது எதற்கு? முன்பெல்லாம் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே பேசுகிறவள்தான். கேட்டால், "இப்பதான் தொழுதுட்டு எழுந்தேன்" என்பாள். "ஹஜ்ஜுக்குப் போவாமலே ஹஜ்ஜிமா ஆயிட்டியா?" என்று கேலி செய்தேன். ஒருநாள் "புருவத்தத் திருத்துனியா? நல்லா இருக்கு" என்றும் சொன்னேன். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்ட மடையன் நான்.

பிறகு ஒரு காலையில் அவள் தம்பி கூப்பிட்டான். "மச்சான், அக்கா மவுத்தாயிட்டாங்க."

புற்றுநோய். ஏழு மாதமாகத் திருச்சியில் வைத்தியம். சொன்னால் நான் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவேன், மகள் படிப்பு நின்றுபோகும் என்று எல்லார் வாயையும் கட்டியிருந்தாள். இதையெல்லாம் அவன் அழுதுகொண்டே சொல்லிவிட்டு, "நீங்க எப்ப வந்து சேருவீங்க? மையத்த வெக்கவா, அடக்கிரவா?" என்று கேட்டான்.

மையத்தை, இறந்தவர் உடலை, காக்க வைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். எனக்காக வைக்காதீர்கள் என்று வெளிநாட்டிலிருந்து சொல்கிறவனை ஊரில் நல்ல மனுஷன் என்பார்கள். நானும் நல்ல மனுஷனாகவே சொன்னேன், "வெக்க வேணாம், அடக்கிருங்க." அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் போய்ச் சேர்ந்துவிட்டேன். ஒரே ஒரு நாள் வைத்திருந்தால் அவள் முகத்தைப் பார்த்திருப்பேன். விமானத்தில் உட்கார்ந்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது. பக்கத்து இருக்கைக்காரர் பயந்துபோகும்படி அழுதேன்.

பிளஸ் டூ படிக்கும் என் மகள் நஸ்ரின் அழவில்லை. மூன்றாம் நாள், வந்தவர்கள் போன பிறகு, மைப் பென்சில் ஒன்றை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"அம்மாவுக்கு முடியெல்லாம் கொட்டிருச்சு அத்தா. புருவமும் போயிருச்சு. வெள்ளிக்கிழமையானா நாந்தான் இதுல வரைஞ்சு விடுவேன். நல்லா இருக்குன்னு நீங்க சொன்னீங்கல்ல, அன்னிக்கு ராத்திரி பூரா அம்மா அழுதாங்க."

அந்தப் பென்சிலை என்னால் தொட முடியவில்லை.

விடுப்பு முடிந்து சவூதிக்குத் திரும்பிவிட்டேன். அவள் யாருக்காக மறைத்தாளோ அந்தப் பிள்ளை படிக்க வேண்டுமே. போன வாரம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க ஒரு படிவம் தந்தார்கள். வேலையில் இருக்கும்போது இறந்தால் இங்கேயே அடக்கமா, ஊருக்கு அனுப்புவதா என்று அதில் ஒரு கேள்வி. ஒவ்வொரு தடவையும் இங்கேயே என்று குறித்தவன் நான். மண் எல்லாம் அல்லாஹ்வின் மண்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டும் இருந்தேன். இந்தத் தடவை பேனா நகரவில்லை. நஸ்ரினைக் கூப்பிட்டேன்.

"எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ஊருக்கு அனுப்பச் சொல்லி எழுதவாம்மா? வந்து சேர நாளாகும். அதுவரைக்கும் காத்திருப்பியா?"

"எத்தன நாளானாலும் காத்திருப்பேன். அம்மாவுக்கு ஒரு நாள் வெக்கச் சொல்லலியே அத்தா நீங்க."

படிவம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஆபீஸ்காரர் தினமும் கேட்கிறார். இரண்டு கட்டங்களையும் விரலால் தொட்டுக் காட்டி, ஏதாவது ஒன்றில் குறி போட்டால் போதும் என்கிறார்.