ஒன்பதாம் ஸ்தலத்துச் சாட்டைக்காரன்

எங்கள் ஊரில் மாதா கோயிலை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். தரை முழுக்க டைல்ஸ், வரிசையாக மின்விசிறி, சுவரில் சிலுவைப்பாதையின் பதினாலு ஸ்தலங்களும் ஃபைபரில் செய்த புதுப் பொம்மைகள். போன தவக்காலத்தில் வேலூரிலிருந்து போயிருந்தேன். ஒவ்வொரு ஸ்தலமாக முட்டி போட்டு ஜெபம் சொல்லிக்கொண்டு வந்தவள், ஒன்பதாவதில், இயேசு மூன்றாம் முறை கீழே விழுகிற இடத்தில், நிமிர்ந்து பார்த்தேன். சாட்டை ஓங்கி ஒரு சேவகன் நிற்கிறான். செக்கச்செவேல் என்று உடம்பு, சுருட்டை முடி, வலது கையில் சாட்டை. எந்த ஊர்க்காரனோ, யார் கண்டது. கீழே கறுப்புக் கல்லில் 'உபயம்' என்று என் அண்ணன் பெயர். எனக்கு ஜெபம் நின்றுபோய்க் கோபம் வந்தது. கோயிலில் வரக்கூடாத அளவுக்கு வந்தது.

பக்கத்தில் முட்டி போட்டிருந்த அண்ணன் மகள், "இன்னா அத்தை?" என்றாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண். பங்குனி வெயிலில் மணிக்கட்டு வரைக்கும் கை வைத்த ரவிக்கை போட்டிருந்தாள். இப்போது அதுதான் ஃபேஷன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவள் தலையிலிருந்து சீயக்காய் வாசனை வந்தது. பாருங்கள், கோபம் ஒரு பக்கம், சீயக்காய் ஒரு பக்கம், நடுவில் நான். அந்த வாசனை என்னைப் பழைய கோயிலுக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பழைய கோயிலில் பொம்மை கிடையாது. பதினாலு பலாப்பலகைகள்தான். அதில் படம் எழுதியவள் ஞானப்பூ. வெள்ளைக்காரன் காலத்தில், எங்கள் பாட்டன் பூட்டனுக்கெல்லாம் முந்தி, ஜவ்வாது மலை ஏறுகிற இந்த அடிவாரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். எங்கள் வீட்டு மருமகள்தான். அவளுடைய அப்பா ஆரணிப் பக்கம் தேருக்கும் வாகனத்துக்கும் வண்ணம் அடித்தவராம். ஆண் பிள்ளை இல்லை. காவிக்கல் அரைப்பதும் அவுரி கரைப்பதும் குங்கிலியம் காய்ச்சுவதும் மகளுக்குத்தான் வந்தது. கட்டிக்கொடுத்தது ராயப்பனுக்கு. மலையிலிருந்து புளியும் சாமையும் ஏற்றி வந்து கண்ணமங்கலத்தில் இறக்குகிற வண்டிக்காரன். குடி உண்டு. அடி அதைவிட உண்டு.

தாடி வைத்த வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் உள்ளங்கை அகலப் படம் ஒன்றைக் காட்டி, இதைப் போல பதினாலு எழுதிக் கொடு என்றிருக்கிறார். ஞானப்பூ ரோமாபுரிக்காரனை எங்கே கண்டாள்? ஊரில் இருந்த முகங்களை உட்காரவைத்து எழுதினாள். சிலுவையைத் தூக்க உதவிய சீமோனுக்கு அடுத்த வீட்டுக்காரர் முகம். முகம் துடைத்த வெரோணிக்காவுக்குத் தண்ணீர்த் துறையில் சிநேகமான ஒருத்தி முகம். அன்றிலிருந்து எங்கள் ஊரில் வீட்டுப் பெயரே அப்படித்தான். சீமோன் வூடு, வெரோணிக்கா வூடு, பிலாத்து வூடு. பிலாத்து வூட்டில் பெண் எடுக்கப் போனால், "பாத்துப்பா, நாளைக்கு ஒண்ணுன்னா கை கழுவிடுவாங்க" என்று இன்றைக்கும் சொல்வார்கள். பெரிய வெள்ளிக்கிழமை அன்று, எந்தப் பலகையில் யார் முன்னோர் முகம் இருக்கிறதோ அந்த வீட்டு மூத்த ஆண்பிள்ளைதான் அதைச் சுமந்து மலைப்பாதையில் சிலுவைமேடு வரைக்கும் ஏற வேண்டும். வேறு யாராவது தொட்டால் மண்டை உடையும். உடைந்தும் இருக்கிறது.

நாங்கள் சாட்டைக்காரன் வூடு.

கதை இப்படி. எட்டுப் பலகை முடிந்த சமயத்தில் ராயப்பனுக்குப் பொறுக்கவில்லை. கண்ட ஆம்பிளையை எதிரில் உட்காரவைத்து நாளெல்லாம் மூஞ்சி பார்க்கிறாயா என்று, வண்டியின் முளைக்குச்சியை எடுத்து அவள் வலது கை விரல்களை அம்மிமேல் வைத்து நசுக்கியிருக்கிறான். ஒட்டாத விரல்களில் தூரிகையை நூலால் கட்டிக்கொண்டு அவள் ஒன்பதாம் பலகையை எழுதினாள். சாட்டை ஓங்கின சேவகனுக்கு ராயப்பன் முகம். அவன் எங்கே எதிரில் உட்கார்ந்தான்? உட்கார வேண்டியதில்லை. அவளுக்கு அந்த முகம் மனப்பாடம். இடது கையில் சாட்டையைக் கொடுத்திருந்தாள். பாவம் செய்கிறவன், அதனால் பீச்சாங்கை என்று ஊரில் விளக்கம் சொல்வார்கள். அப்புறம் ராயப்பன் புளியமரத்திலிருந்து விழுந்து கை முடமாகி வண்டி ஓட்டுவதையே விட்டுவிட்டானாம். சாமி கூலி கொடுத்துவிட்டார் என்று கதையை முடிப்பார்கள்.

எங்கள் வீட்டு ஆண்கள் இதைக் கேட்டு வெட்கப்பட்டிருக்க வேண்டும். பெருமைப்பட்டார்கள். அப்பா, அம்மாவை அடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு, "சாட்டைக்காரன் வூடுன்னு தெரிஞ்சுதானே பொண்ணு குடுத்தாங்க?" என்பார். ஒருநாள் அம்மா கிணற்றடியில் மண்டை உடைந்து செத்துக்கிடந்தாள். வழுக்கி விழுந்தாள் என்றார்கள். வழுக்கித்தான் விழுந்தாளா என்று கேட்க அன்றைக்கு ஒரு நாதியும் இல்லை.

அப்பாவுக்கு அப்புறம் பலகையும் கையும் அண்ணனுக்கு வந்தது. செங்கத்திலிருந்து அண்ணியைக் கட்டிக்கொண்டு வந்தான். கெட்டிக்காரி, சிரித்த முகம். இரண்டே வருஷத்தில் இடது காது செவிடு. நான் அப்போது மலைமேல் ஒரு துணைச் சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த புதிது. கிறிஸ்துமஸுக்கு இறங்கி வந்தால் அண்ணி பாயில் கிடக்கிறாள், பாய் முழுக்க ரத்தம். வயிற்றில் உதைத்திருக்கிறான். நாலு மாசக் கரு. நான்தான் எடுத்து, துணியில் சுற்றி, கொல்லையில் புதைத்தேன். எத்தனையோ பிரசவம் பார்த்த கை இது.

போலீசுக்குப் போவேன் என்றேன். அண்ணன் சிரித்தான். சாமியாரிடம் போனோம். "அவங்கவங்க சிலுவைய அவங்கவங்க சொமக்கணும்மா" என்றார். அவர் சுமந்த சிலுவை எது என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அண்ணியைச் செங்கத்துக்கு அனுப்பினேன். அவளைப் பெற்றவர்கள் ஒரு தார் வாழைப்பழத்தோடு திரும்பக் கொண்டுவந்து விட்டுப்போனார்கள். வாழாவெட்டி என்ற பேர் வந்துவிடுமாம். அடுத்த வருஷத் தவக்காலத்தில் அண்ணி மறுபடியும் உண்டாகியிருந்தாள். இந்தப் பிள்ளையும் போனால் தாயும் போய்விடுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மலையில் ஊசி போடும்போதெல்லாம் அதே நினைப்பு.

பெரிய வியாழனுக்கு முந்தின நாள், மத்தியானப் பஸ்ஸில் இறங்கி வீட்டுக்கு வந்தேன். தோட்டத்துத் துணி துவைக்கிற கல்மேல் ஒன்பதாம் பலகையைக் கிடத்தி, அண்ணி இரண்டு கையும் நுரையாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அய்யோ அண்ணி, இன்னா பண்றீங்க?"

"எண்ணெப் பிசுக்கு ஏறிக் கெடக்குதும்மா. எண்ணெய்க்குச் சீயக்காதானே?"

வருஷா வருஷம் இந்த வாரத்தில் பலகையைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பது அந்தந்த வீட்டுப் பெண்கள் வேலை. துடைத்த அன்றைக்குப் பளபளக்கும். அப்புறம் வருஷம் பூராவும் மெழுகுவத்திப் புகை அதில் போய் ஒட்டும். அடுத்த வருஷம் அதன்மேல் மறுபடியும் எண்ணெய். இப்படியே தலைமுறை தலைமுறையாகப் பக்தியாக எண்ணெய் விட்டு விட்டுப் படத்தைத் தோசைக்கல்லாக்கி வைத்திருந்தோம். ஒருத்திக்குக்கூட வேறு யோசனை தோன்றவில்லை, என்னையும் சேர்த்துத்தான். அதுவரைக்கும் எங்கள் வீட்டில் துடைத்தது நான்தான், செங்கத்துக்காரிக்கு வழக்கம் தெரியாது. எண்ணெய்த் தலையைப் பார்த்தால் என்ன தோன்றுமோ அதைச் செய்துவிட்டாள்.

படம் அழிந்துபோச்சு என்றுதான் பயந்தேன். ஞானப்பூ வண்ணத்துக்கு மேலே காய்ச்சிப் பூசின குங்கிலியம் காப்பாற்றியது. கறுப்புத் தண்ணீர் ஓட ஓட, இயேசுவின் துணி வெள்ளையாக எழுந்து வந்தது. ராயப்பன் முகம் தெளிந்தது. கூட்டுப் புருவம், மேலுதட்டு வெட்டு, அப்படியே அண்ணன். அப்புறம் அந்த வலது தோளுக்குக் கீழே, எப்போதும் ஏதோ கறுப்புத் துணி என்று நாங்கள் நினைத்திருந்த இடம். அண்ணி இன்னும் ஒரு கை சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். மூங்கில் பத்தைகள். அதைச் சுற்றித் துணி. கழுத்திலிருந்து ஒரு தூளி.

"அண்ணி, இது கட்டு" என்றேன். "மலையில கை ஒடிஞ்சா கட்டுவாங்களே, அந்தக் கட்டு."

மலையில் தினம் பார்க்கிறவள் நான். முட்டை வெள்ளையும் உளுத்தமாவும் குழைத்துப் பூசி மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்கள். பத்தைகளுக்கு நடுவில் மாவு வழிந்திருப்பதைக்கூட எழுதியிருந்தாள். அதனால்தான் சாட்டை இடது கையில். சேவகன் காலடியில் வேறொன்றும் கிடந்தது. அண்ணி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒலக்கை" என்றாள். கல்வாரி மலைக்குப் போகிற வழியில் உலக்கைக்கு என்ன வேலை?

நான் கதையை மனசில் ஓட்டிப் பார்த்தேன். முதலில் விரல், அப்புறம் பலகை, கடைசியில் புளியமரம். பலகையைப் பார்த்தால் கை முன்னாலேயே ஒடிந்திருக்கிறது. விரலுக்கும் பலகைக்கும் நடுவில் புளியமரம் எங்கே வந்தது?

"மரத்துலேர்ந்து வுழுந்தாருன்னு சொன்னீங்களே" என்றாள் அண்ணி.

"ஆமா. சொன்னாங்க."

அவள் பலகையைத் தூக்கி நிறுத்தித் தண்ணீர் ஊற்றினாள். அப்போதுதான் அண்ணன் வந்தான். குடித்திருந்தான். "சாமிப் பலகைக்குச் சீயக்காயாடி, நாயே" என்று விட்ட அறையில் அண்ணி கல்மேல் போய் விழுந்தாள். வாயில் ரத்தம். காலைத் தூக்கினான். நான் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தேன். உதறின உதறலில் சுவரில் என் நெற்றி பிளந்தது. கிணற்றுக் கயிற்றை நாலாக மடித்துக்கொண்டு மறுபடியும் போனான். கண்ணில் ரத்தம் இறங்கினாலும் நான் பார்த்தேன். அண்ணி எழுந்தாள். இரண்டு கையாலும் பலகையைப் பிடித்து, ஓங்கி, அதன் விளிம்பால் அவன் வலது கையில் இறக்கினாள். காய்ந்த முருங்கைக் கொம்பு முறிகிற சத்தம் கேட்டது. அவன் "யம்மா" என்று உட்கார்ந்துவிட்டான். செத்துப்போன எங்கள் அம்மாவைத்தான் கூப்பிட்டான்.

அண்ணிக்கு மூச்சு இரைத்தது. குரல் இரையவில்லை. "இன்னொரு தரம் என் வயித்துப் பக்கம் வந்தா காலும் ஒடியும். கஞ்சி கீது. குடிச்சுட்டுக் கட்டு கட்டப் போங்க" என்றாள். அந்த 'போங்க' இன்னும் என் காதில் இருக்கிறது.

வேலூர் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்றான். கேட்பார்களே, எழுதுவார்களே. மலைமேல் கட்டுக்காரரிடம் நான்தான் கூட்டிப்போனேன். "எப்பிடிப்பா ஒடிஞ்சுது?" என்று கேட்டார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "புளியமரத்துலேர்ந்து வுழுந்துட்டேன்" என்றான். கட்டுக்காரர் மாவைக் குழைத்தபடியே, "உங்க ஊரு புளியமரம் ரொம்ப வழுக்குது போல" என்றார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். நெற்றிக் காயம் விண் விண் என்று தெறித்தது, சிரிப்பும் அடங்கவில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை பலகை சுமக்காவிட்டால் உரிமை பங்காளி வீட்டுக்குப் போய்விடும். அதற்கு அண்ணன் சாகத் தயார். வலது கையில் மூங்கில் கட்டு, கழுத்தில் தூளி, இடது தோளில் பலகை. பலகையில் அதே புருவம், அதே கட்டு, அதே தூளி. ஒன்பதாம் ஸ்தலத்தில் அவன் முன்னால் வந்து நின்றபோது சாமியார் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தார். படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், வாசிக்க வேண்டியதை மறந்துவிட்டார். வெரோணிக்கா வூட்டு அம்மாள்தான் முதலில் களுக்கென்றாள். அப்புறம் பெண்கள் பக்கம் முழுக்க முந்தானைக்குள் குலுங்கியது. ஆண்கள் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

அண்ணன் கை கூடிவிட்டது. ஆனால் அதற்கப்புறம் ஓங்கவில்லை. மனசு மாறினானா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. பயந்தான். பயந்ததே போதும். ஆவணியில் அண்ணிக்குப் பெண் பிறந்தது, நான்தான் பிரசவம் பார்த்தேன். புதிதாகக் கல்யாணமாகி வருகிற பெண்கள் ஒன்பதாம் ஸ்தலத்துக்கு வந்து அந்தக் கட்டைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். தொட்டுத் தொட்டு அந்த இடம் மட்டும் வழுவழுவென்று ஆகிவிட்டது. எதற்குத் தொடுகிறார்கள் என்று புருஷன்மார்களுக்கும் தெரியும். அண்ணி மஞ்சள் காமாலையில் போனபோது பெண் இரண்டாம் வகுப்பு. அதோடு அண்ணன் அவளை வெளியூர் விடுதியில் சேர்த்துவிட்டான், அங்கேயேதான் வளர்ந்தாள்.

பழைய கோயிலை இடித்தபோது பலகைகளைக் கழற்றிக் கொட்டகையில் போட்டார்களாம். மற்றதெல்லாம் சாய்ந்து கிடக்கிறது. ஒன்பதாவதைக் காணோம். அண்ணனைக் கேட்டேன். "கரையான் துண்ணுட்டுது" என்றான். பலாவைத் தின்கிற கரையான் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். கோயில் பெரியவர், உபயதாரர், இனி அவரை யார் கேட்பது.

எழுந்திருக்கக் கை கொடுத்தாள் அண்ணன் மகள். நான் பிடித்த பிடியில் "ஸ்" என்று முகம் சுளித்தாள். முழுக்கை ரவிக்கையை மேலே தள்ளினேன். மணிக்கட்டுக்கு மேல் நாலு விரலும் கன்றிப்போய்ப் பதிந்திருந்தன.

"கதவுல இடிச்சுக்கினேன் அத்தை" என்றாள்.

கதவுக்கு ஏது விரல்? மேலே அந்தச் சிவப்பன் இரண்டு கையும் திடமாக நின்றுகொண்டிருந்தான்.

"ஏண்டி, அந்தப் பலகையப் பத்தி உனக்கு ஒருத்தருமே சொல்லலியா?" என்றேன்.

"எந்தப் பலகை?" என்று கேட்டாள்.